சங்க அலுவலக பீரோவைத் திறவுங்கள், தோழர்களே

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி ரயில்வே தொழிற்சங்கக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே, வணக்கம்.

தெற்கு ரயில்வேயின் இரண்டு பெரிய சங்கங்களில், இது எஸ்.ஆர்.எம்.யூ.வுக்கா டி.ஆர்.இ.யூ.வுக்கா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். எஸ்.ஆர்.இ.எஸ்., லோகோ பைலட் சங்கம், ஸ்டேஷன் மாஸ்டர் சங்கம், ஓய்வூதியர் சங்கம் எல்லாருக்கும்தான். மூன்று ஊரில் எங்கே கிளை வைத்திருந்தாலும் சரி, இதைப் படித்துவிட்டு அடுத்த செயற்குழுவில் ஐந்து நிமிஷம் பேசினால் போதும். எந்தச் சங்கத்தை ரயில்வே அங்கீகரிப்பது என்று முடிவு செய்த 2024 டிசம்பர் தேர்தலில் ஒருவரையொருவர் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டீர்கள் என்பது பிளாட்பார டீக்கடை வரைக்கும் தெரியும், அது உங்கள் பாடு. நான் கேட்க வந்தது வேறு.

உங்கள் சங்கங்களின் கதை பாதி அலுவலக பீரோக்களில் கிடக்கிறது, மீதி ஓய்வு பெற்ற பெரியவர்களின் ஞாபகத்திலும் அவர்கள் வீட்டுப் பெண்களின் ஞாபகத்திலும் இருக்கிறது. பீரோவைக் கரையான் பார்த்துக்கொள்கிறது. ஆட்களைக் காலம் பார்த்துக்கொள்கிறது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது இருபது வயசில் புதிதாகச் சேர்ந்திருந்தவருக்குக்கூட இன்றைக்கு எழுபது தாண்டிவிட்டது, அவருக்கு மேஸ்திரியாக இருந்தவர் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகியிருக்கும். இன்னும் பத்து வருஷம் கழித்து யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இருப்பதைச் சேர்த்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் வேலை பார்த்தவள் இல்லை. கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், இன்றைக்குத் துறைமுகம் ஜங்ஷன் என்று பலகை தொங்குகிற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரயில்வே வீட்டில் வளர்ந்தவள். அப்பா தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனாகச் சேர்ந்து, லைனை நடந்து பார்த்துச் சரிசெய்கிற கீமேனாக ஓய்வு பெற்றார். அவர் சங்கத்தில் பெரிய ஆள் எல்லாம் இல்லை, சந்தா கட்டுவார், வாயிற்கூட்டத்துக்குப் போவார், மே தினத்துக்குச் சிவப்புத் துண்டு போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எழுத உட்கார வைத்தது ஒரு எரிச்சல்தான். அப்பா இறந்த பிறகு, அவர் காலத்துக் கூட்ட அறிக்கை, துண்டறிக்கை ஏதாவது கிடைக்குமா என்று ஒரு சங்க அலுவலகத்தில் கேட்டேன். எந்தச் சங்கம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த தம்பி ரொம்ப மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வெள்ளையடித்தபோது பழைய பேப்பர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டோம் அக்கா என்றார். மினிட்ஸ் புத்தகங்களுமா என்று கேட்டேன். அட்டை போட்டிருந்ததால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைத்ததாம். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லையே.

சரி, அந்தப் பேப்பரில் என்ன இருந்திருக்கும் என்று கேட்பீர்கள். 1928இலிருந்து ஆரம்பிக்கலாம். அப்போது இது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பைப் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள், அதோடு சேர்த்து மூவாயிரம் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டார்கள், யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேலைத்திறன் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த ஜூலையில் லைன் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் அப்போது 68 வயசுக்காரர், அந்த வயசில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அதற்குப் பரிசாகப் பத்து வருஷச் சிறை என்று தீர்ப்பு வந்தது, பின்னால் அது குறைந்தது. பத்து நாள் போல நீடித்த போராட்டம் தோற்றுத்தான் போனது. ஆனால் அன்றைக்குப் போட் மெயில் ஓடிய மெயின் லைன் நம்முடைய லைன்தான், விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று போகிற இதே லைன். இந்த ஸ்டேஷன்களில் அந்தப் பத்து நாள் யார் கைகாட்டியை இறக்காமல் நின்றார்கள், யார் வேலை போய் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்கள்? சிங்காரவேலரைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. அவர்களைப் பற்றி ஒரு வரி காட்டுங்கள்.

1946 செப்டம்பர் 5 உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பொன்மலை சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் விழுந்தார்கள். வருஷா வருஷம் அங்கே போய் மாலை போடுகிறீர்கள், நல்ல விஷயம், மனசார வணங்குகிறேன். அந்தச் சங்கத்தின் ஆனந்தன் நம்பியார், ரயில்வே தொழிற்சங்கத் தொகுதியிலிருந்து 1946இல் சென்னை சட்டமன்றத்துக்குப் போனவர், 1952இல் மாயவரத்தில் நின்று மக்களவைக்கும் போனார். நம் லைன் ஊர்க்காரர்கள் ஒரு ரயில்வே சங்கத்துக்காரரை டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

1974க்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம், மே 8 தொடங்கி மே 27 வரைக்கும் இருபது நாள். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸை 2ஆம் தேதியே பிடித்துவிட்டார்கள். லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போகவில்லை, ஆயிரக்கணக்கில் கைது, விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற மிசா, பாதுகாப்புச் சட்டம், அதுவரை பார்த்த வேலைக்காலத்தைக் கணக்கில் விடாத சர்வீஸ் கட். கேட்டது போனஸ், எட்டு மணி நேர வேலை, மற்ற பொதுத்துறைக்காரர்களுக்குச் சமமான சம்பளம். கையில் எதுவும் இல்லாமல்தான் திரும்பினார்கள். அப்புறம் 1977இல் ஆட்சி மாறி, வேலை போனவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள், 1979இல் போனஸ் வந்தது. இதெல்லாம் மாநாட்டு மலர்களில் வருஷம் தவறாமல் வருகிறது, தலைவர்களின் போட்டோவோடு.

வராதது எது என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வார். அந்த மே மாசம் குவார்ட்டர்ஸில் ஆம்பிளைகளே கிடையாது. பகலில் முந்திரித் தோப்பில் படுத்திருப்பார்கள், சிலர் பெண்ணையாறு தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இருந்தது பொம்பளைகளும் பிள்ளைகளும்தான். ஜீப் வந்து நிற்கும், உன் வீட்டுக்காரன் எங்கே, டியூட்டிக்கு வரச்சொல், இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு. அம்மாவுக்கு அப்போது கையில் குழந்தை, என் அண்ணன். எங்க போனாருன்னு எனக்கென்ன தெரியும், உங்க ஆபீசர்தான அனுப்பியிருப்பாரு, அவரைக் கேளுங்க என்று பதில் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் வாசலில் சாணி கரைத்த வாளியை வைத்துக்கொண்டு நாள் பூரா தெளித்துக்கொண்டே இருப்பாராம், பூட்ஸ் கால் உள்ளே வந்தால் அதில் தெளித்துவிட்டு, ஐயோ தெரியலீங்க என்பாராம். ராத்திரி சோற்றுப் பொட்டலத்தைத் தோப்புக்குக் கொண்டுபோனது பத்து வயசுப் பசங்கள், கில்லி விளையாடப் போகிற மாதிரி.

இன்னொன்றும் சொல்வார், அதைச் சொல்லும்போது குரல் இறங்கும். நான்கு வீடு தள்ளி ஒருவர் வேலைக்குப் போனார். அப்படிப் போனவர்களுக்குச் சம்பள உயர்வு கொடுத்தார்கள், பிள்ளைக்கு வேலை என்றும் ஆசை காட்டினார்கள். கருங்காலி என்று அவர் வீட்டோடு பேச்சு நின்றது, அந்த ஆள் ஓய்வு பெறுகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. ஆனால் சம்பளம் வராத அந்த மாசம், பின்பக்க வேலி வழியாக அரிசி கொடுத்தது அதே வீட்டு அம்மாதான். எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, அந்த வரிசையில் பல வீட்டுக்கும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு அவருக்குக் கடனைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டேன், அம்மா பேச்சை மாற்றிவிட்டார். இதை எந்த மாநாட்டு மலரில் போடுவீர்கள்? போடவேண்டும் என்கிறேன். ஜெயித்தவர் பக்கம், தோற்றவர் பக்கம், வேலைக்குப் போனவர் பக்கம் எல்லாம் இருந்தால்தான் அது வரலாறு, இல்லாவிட்டால் போஸ்டர்.

அப்புறம் சாதி. நாம் பேசத் தயங்குவதால் நானே சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கேங்குகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். ஊருக்குள் வந்தால் திண்ணையில் உட்காரமுடியாது. அதே ஆள் சங்க அலுவலகத்தில் மரநாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஸ்டேஷன் மாஸ்டரோடு வாதம் பண்ணுவார், மைக் பிடித்துப் பேசுவார், கடிதம் எழுதக் கற்றுக்கொள்வார். சங்கம் வாங்கிக்கொடுத்த அலவன்ஸ் கணக்கை எல்லாம்விட எனக்கு இது பெரிசு. சங்கத்துக்குள் சாதியே இல்லை என்று நான் சொல்லவில்லை, கிளைச் செயலாளர் பதவி யாருக்கு வந்தது, யாருக்கு வரவே இல்லை என்று பழைய பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். அதற்காகவும் அந்தப் பட்டியல் வேண்டும்.

கலை, பண்பாடு என்றால் உடனே ரயில்வே இன்ஸ்டிடியூட் மன்றத்தில் போட்ட நாடகம், கேரம் போட்டி, ஆயுத பூஜைக்கு இன்ஜினுக்கு வாழைமரம் கட்டியது என்று ஆரம்பிப்பீர்கள். இருக்கட்டும், அதுவும் வேண்டும். ஆனால் நான் கேட்கிறது வேலைக்குள்ளேயே இருந்தது. இன்றைய தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ, 13 மீட்டர் துண்டு ஒன்று 780 கிலோ. மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளம் இலேசு, ஆனால் மெஷின் கிடையாது, கடப்பாரையும் தோளும்தான். ஒரே மூச்சில் எல்லார் கையும் சேர்ந்து தள்ளாவிட்டால் யாராவது ஒருவன் கால் போகும். அதனால்தான் பாட்டு. ஒருவர் அடியெடுப்பார், மற்றவர்கள் ஐலசா என்று வாங்குவார்கள், கடைசி அசைக்குத் தண்டவாளம் நகரும். அடியெடுப்பவர் அன்றைக்கு வந்திருக்கிற இன்ஸ்பெக்டரையும் பாட்டுக்குள் இழுத்துவிடுவார், அவருக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அப்பா வீட்டில் சில அடிகளை முணுமுணுப்பார், பிள்ளைகள் முன்னால் முழுசாகப் பாடமாட்டார், காரணம் உங்களுக்கே தெரியும். அந்தப் பாட்டை நான் பதிவு செய்யவில்லை. உங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் யாருக்காவது இன்னும் ஞாபகம் இருக்கும், கெட்ட வார்த்தையோடு சேர்த்தே பதியுங்கள்.

மழைக்கால ராத்திரி ரோந்து இன்னொன்று. ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரையோரம் எப்படிக் கொட்டும் என்று தெரியும். கையில் விளக்கு, பையில் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற வெடி, ஒரு நோட்டுப் புத்தகம், தன் எல்லை வரைக்கும் நடந்துபோய் அடுத்த பீட்காரரோடு புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்பவேண்டும். 1956 நவம்பர் 23 அரியலூர் விபத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போனது, லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார் என்று இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். எந்த ராத்திரியெல்லாம் பாலத்துக்கு முன்னால் ஒரு ரோந்துக்காரர் வெடியை வைத்து வண்டியை நிறுத்தினாரோ அந்த ராத்திரிகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லையே. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது யார் யார் லைனில் இருந்தீர்கள்? அவர்களில் பல பேர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். எழுபது வயசு ஆகட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கேட்கலாமே.

இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு என்ன பிரயோஜனம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கடலூர் பக்கத்துச் செம்மங்குப்பத்தைச் சொன்னேன். 2025 ஜூலை 8 காலை அந்த கேட்டில் பள்ளி வேன் மேல் பாசஞ்சர் வண்டி மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, நான் சொல்லவும் வரவில்லை. ஆனால் அடுத்த சில நாள் ஊரில் நடந்த பேச்சைக் கவனித்தேன். கேட் கீப்பர் எந்த மாநிலம், என்ன மொழி என்பதில்தான் பாதிப் பேச்சு போனது. அது அப்போது இன்டர்லாக் இல்லாத கேட், அதாவது கேட் திறந்திருந்தாலும் சிக்னல் விழும், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்ல, கேட் கீப்பர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்ல, அந்த இரண்டு பேரின் வாய் வார்த்தையில்தான் பாதுகாப்பு தொங்குகிறது. இதை விளக்கிச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. ரயில்வேயில் வேலை நேரத்துக்குச் சட்டம் 1930இலேயே வந்தது, 1947இல் வேலை நேரம் பற்றி நீதிபதி ராஜாத்யக்ஷாவின் தீர்ப்பு வந்தது, அப்புறமும் கேட் கீப்பர் வேலையை, நடுநடுவே ஓய்வு இருக்கிற வேலை என்று வகைப்படுத்தி 12 மணி நேரம் உட்கார வைப்பது இன்னும் தீராத தகராறு. இந்தத் தகராறின் முழுக் கதையும் உங்கள் பீரோவில் இருந்தது. அதை ஊருக்குப் புரிகிற மாதிரி நீங்கள் சொல்லி வைத்திருந்தால், அந்த வாரம் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் லைனும் சின்னதில்லை, விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக 1879இலிருந்து வண்டி ஓடுகிறது, பிரெஞ்சு மண்ணுக்குள் இங்கிலீஷ் கம்பெனியின் ரயில். உங்கள் ஊரில் தொழிலாளர் நினைவு எப்படிக் காப்பாற்றப்படும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் பெயரோடு அது ஊர் வாயில் நிற்கிறது. பின்னால் ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறிய ரோடியர் மில் பூட்டியாகிவிட்டது, ஆனால் கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு நிற்கிற பெரியவர் யாராவது அந்தக் கதையைச் சொல்வார். அதே கேட்டை மூடித் திறக்கிறவரின் சங்கக் கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லை. மில்காரர்கள் எட்டு மணி நேரம் வாங்கிய ஊர் வழியாக ஓடிய இன்ஜின்காரர்கள், அதே எட்டு மணி நேரத்தை 1974இலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? பெரிய செலவில்லை. பொன்மலைப் பக்கம் இன்ஜினும் கைவிளக்கும் டோக்கன் கருவியும் பார்க்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, பெரம்பூரிலும் இருக்கிறது, எனக்கு இன்னொரு இன்ஜின் வேண்டாம். ஒரு ஆள், ஒரு போன், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஓய்வூதியர் சங்கத்துக்காரர்கள் பட்டியல் கொடுங்கள், யாருக்கு வயசு அதிகமோ அவரிடம் முதலில் போங்கள், அவர் மனைவியையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், அவர் இருந்தால் அந்த அம்மா பேசமாட்டார். துண்டறிக்கை, சஸ்பென்ஷன் ஆர்டர், குவார்ட்டர்ஸ் காலி பண்ணச் சொன்ன நோட்டீஸ், பாஸ், குரூப் போட்டோ எது கிடைத்தாலும் போனிலேயே படம் எடுத்து, பின்பக்கம் இருக்கும் எழுத்தையும் சேர்த்து எடுத்து, அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதுகாக்கத் தெரிந்தவர்கள் தூரத்தில் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சுவடியும் பழைய போட்டோவும் காப்பாற்றுகிறார்கள், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, போய் யோசனை கேட்கலாம். கடலூர் பெரியார் கலைக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் வருவார்கள். புதுச்சேரி ஸ்டேஷனை அம்ரித் பாரத் திட்டத்தில் புதுசாக்கும்போது சுவரில் அழகுப் படம் எல்லாம் வரையப்போகிறார்கள், அதில் கேங்மேனுக்கு ஒரு ஆள் உயரம் இடம் கேளுங்கள். கேட்பது உங்கள் வேலைதானே.

பீகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்து இப்போது நம் லைனில் ஜல்லி வாருகிற பையன்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் பாட்டு இருக்கும், அவர்கள் அப்பாக்களும் 1974இல் எங்கேயாவது ஒளிந்திருப்பார்கள்.

அம்மா பேசத் தயார். எண்பதை நெருங்குகிறார், காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது, மாத்திரை போட்டு ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருப்பார். எந்தச் சங்கம் முதலில் வந்தாலும் டீ உண்டு. இரண்டு சங்கமும் சேர்ந்து வந்தால் வடையும் உண்டு. தொகுத்து முடித்துப் புத்தகம் போடும்போது அட்டையில் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் ஓ.டி.யிலிருந்து ஒரு கீமேன் மகள்